பூஜ்யம் போட்ட விடை

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் உளவியல் பிரிவில் வேலை பார்த்தபோது, எட்டு வயதுப் பெண்குழந்தை ஒன்றை அறிவு வளர்ச்சி குறைந்தவள் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அது தவறு என்று என்னிடம் சொன்ன பயிற்சி மாணவியை, இந்தத் தொழிலுக்குத் தகுதியில்லாதவள் என்று எழுதி அதற்கும் கையெழுத்திட்டேன். முதலாவதை அறியாமை என்று யாராவது பெரிய மனது பண்ணிச் சொல்லலாம். இரண்டாவதை அப்படிச் சொல்ல வழியில்லை. அந்த மாணவி சொன்னது சரி என்பது அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது எனக்கு எழுபத்தாறு வயது. கோயம்புத்தூரில் தனியாக இருக்கிறேன். போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உளவியல் பயிற்சி மாணவர்களுக்கு மூன்று நாள் கருத்தரங்கு நடத்துகிறார்களாம். வெவ்வேறு சாதி, மதம், மொழி, வசதி உள்ளவர்களைச் சோதிக்கும்போதும் அவர்களோடு பேசும்போதும் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் பொருள். சோதனைத் தாள்களைத் தமிழாக்கியவன் என்ற முறையில் நான் வரவேண்டும் என்று ஸ்வேதா என்ற பேராசிரியை எழுதியிருந்தார். கால் வலி என்று பதில் தட்டிவிட்டு, அனுப்புவதற்கு முன் நிகழ்ச்சி நிரலைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள், அல்சூர் பக்கத்து ஏழைத் தமிழர் குடியிருப்பான மர்பி டவுனுக்கு நேரில் செல்லுதல். அழைத்துச் செல்பவர் அமுதா, பள்ளி ஆசிரியை.

நான் தகுதியில்லாதவள் என்று எழுதியது இந்த அமுதாவைத்தான்.

அந்தச் சோதனையில் ஒரு கேள்வி உண்டு. "கடையில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பை ஒன்றைப் பார்க்கிறாய். என்ன செய்வாய்?" எடுத்துக் கடைக்காரரிடம் கொடுப்பேன் என்றால் முழு மதிப்பெண். அந்தக் குழந்தை, "தொட மாட்டேன், வெளிய வந்துடுவேன்" என்றது. கையேட்டில் அந்த விடைக்குப் பூஜ்யம். நானும் போட்டேன். இதே மாதிரி இன்னும் ஏழெட்டு விடைகள். மொத்தம் அறுபத்து நான்கு வந்தது; எழுபதுக்குக் கீழே என்றால் அறிவு வளர்ச்சி குறைவு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமுதா, குழந்தை வெளியே போனதும், "சார், அது சரியான பதில் சார். எங்க ஏரியா பசங்க கடையில கிடக்கிற பையைத் தொட்டா திருடின்னு அடிப்பாங்க. அவளுக்கு அது தெரிஞ்சிருக்கு" என்றாள். அந்தக் குழந்தையும் மர்பி டவுன், அமுதாவும் மர்பி டவுன். "கையேட்டில் இல்லாதது விடையே இல்லை" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பெயரே கையேடு என்பதுதான். அமுதா விடவில்லை. துறைத் தலைவர் வரை போனாள். நான் அவளுடைய மதிப்பீட்டுப் படிவத்தில் ஆறு வரி எழுதினேன். நோயாளியின் சமூகத்தோடு தன்னை இணைத்துக்கொள்கிறாள், நடுநிலை இல்லை, இத்யாதி. அவள் பயிற்சி அதோடு முடிந்தது.

கால் வலிப் பதிலை அழித்துவிட்டு, வருகிறேன் என்று அனுப்பினேன். அந்த ஆறு வரிகளையும் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் தட்டச்சு செய்து, உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பெங்களூரில் இறங்கியதும் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. ஆட்டோக்காரர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்.

"எங்க போணும் பெரியவரே?"

"மல்லேஸ்வரம், பதினைஞ்சாவது கிராஸ்."

"மார்கோசா ரோடு பக்கமா, சம்பிகே ரோடு பக்கமா?"

தெரியவில்லை என்றேன். வண்டியைக் கிளப்பிவிட்டுத்தான் அடுத்த கேள்வி கேட்டார். "ஊருக்குப் புச்சா?"

"பதினோரு வருஷம் இங்கதாம்ப்பா இருந்தேன்."

"எப்போ?"

சொன்னேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அந்த ஊரு காலி சார். இது வேற ஊரு."

இறங்கவேண்டியது குறுக்குத் தெருவான கிராஸ் இல்லை, நேர்த் தெருவான பதினைந்தாவது மெயின் என்பது, பதினைந்தாவது கிராஸை இரண்டு முறை சுற்றி வந்த பிறகு, தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கோவையில் வழி கேட்டால் ஒருவர் கூடவே நடந்து வந்து விட்டுவிட்டுப் போவார். இங்கே எல்லோரும் கைபேசியைக் காட்டினார்கள். அதில் ஒரு நீலப் புள்ளி. அதுதான் நான் என்றார்கள்.

முதல் நாள் காலை, விடுதிக்குப் பக்கத்தில் தட்டை இட்லி சாப்பிட்டேன். சாம்பாரில் வெல்லம். பதினோரு வருடம் இதைத்தான் சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் நாக்கு புதிதாகப் பார்ப்பதுபோல் விழித்தது. எதிரே இருந்தவர் கைபேசியில் கன்னடத்தில் யாரிடமோ, "நான் கோபமாக இல்லை, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், இரண்டும் வேறு வேறு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கன்னடம் மறக்கவில்லை என்பதில் சின்னச் சந்தோஷம்.

கருத்தரங்கு ஒரு கல்லூரி மூன்றாம் மாடியில். மேடை, மைக் எதுவும் இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். இருபது இருபத்தைந்து மாணவர்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணமிட்டிருந்தார்கள். எங்கள் காலத்தில் நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார்கள். இவர்கள் "ஹாய் சார்" என்றார்கள். ஸ்வேதாவுக்கு நாற்பது வயதிருக்கும். கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசினார்.

"சார், திண்டி ஆயித்தா? டிபன் ஆச்சா? இன்னிக்கு நீங்க பேச வேணாம். எங்ககூட வெளையாடுங்க."

என்ன விளையாட்டு என்று புரியவில்லை. எல்லோரும் கூடத்தின் நடுவில் ஒரே வரிசையில் நிற்கவேண்டும். ஸ்வேதா ஒவ்வொரு வாக்கியமாகப் படிப்பார். அது நமக்கு உண்மை என்றால் ஓர் அடி முன்னே வைக்கவேண்டும். "சின்ன வயதில் என் வீட்டில் புத்தகங்கள் இருந்தன." வைத்தேன். "என் பெயரைச் சொல்லத் தயங்கியதில்லை." வைத்தேன். "வாடகை வீடு கேட்டுப் போனபோது யாரும் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டதில்லை." கேட்டிருக்கிறார்கள். ஆனால் என் பதிலுக்குச் சிரித்தார்கள், வீடும் கொடுத்தார்கள். வைக்கலாமா என்று கேட்டேன். வைக்கலாம் சார் என்றார். "கடைக்குள் நுழைந்தபோது யாரும் என்னைக் கண்காணித்ததில்லை."

வைத்தேன். வைத்த பிறகுதான் அந்த வாக்கியம் காதுக்குள் இறங்கியது.

அடுத்ததற்கு அடி வைக்க இடமில்லை. மூக்குக்கு நேரே ஜன்னல் கம்பி. "சுவர் வந்துவிட்டது, இனி என்ன செய்வது?" என்று கேட்டேன். பின்னால் பெரிய சிரிப்பு. நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் எனக்கு வெகு பின்னால் நின்றார்கள்.

அன்று மதியம் வரிசையில் நின்று தட்டெடுத்தபோது, ஓசூரிலிருந்து வந்திருந்த பவித்ரா என்ற மாணவி கேட்டாள். "சார், நீங்க ஏன் வந்தீங்க? தப்பா நெனைக்காதீங்க, உங்க வயசுல யாரும் இதுக்கெல்லாம் வர்றதில்ல."

"ஒருத்தரைப் பார்க்கணும்" என்றேன்.

"இங்கயா?"

"மூன்றாம் நாள்."

அவள் என் தட்டில் இன்னொரு அரிசிமாவு அக்கி ரொட்டியை எடுத்து வைத்தாள்.

இரண்டாம் நாள் என்னை நோயாளியாக உட்காரவைத்தார்கள். முதியவர்களின் ஞாபக சக்தியைச் சோதிப்பது அன்றைய பயிற்சி. கூட்டத்தில் முதியவன் நான் ஒருவன்தான். ஜோயல் என்ற மலையாளப் பையன் சோதிப்பான், மற்றவர்கள் சுற்றி நின்று குறிப்பெடுப்பார்கள். இதே மாதிரிச் சோதனைகளை ஆயிரம் பேருக்குச் செய்தவன் நான். கேலியாகத்தான் உட்கார்ந்தேன்.

இன்றைக்கு என்ன தேதி என்றான். ஒரு நாள் பின்னால் சொன்னேன். இது எந்த மாடி என்றான். லிஃப்டில் வந்தவனுக்கு எப்படித் தெரியும்? இரண்டு என்றேன். மூன்று. ஜோயல் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதினான். நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

"சார், ஒரு நிமிஷத்துல எத்தன காய்கறி பேர் சொல்ல முடியுமோ சொல்லுங்க."

கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய், வாழைக்காய் என்று வேகமாக ஆரம்பித்தேன். பூசணி. உருளைக்கிழங்கு. அதற்குப் பிறகு கதவு சாத்திவிட்ட மாதிரி இருந்தது. காய் வாங்குவதும் நறுக்குவதும் ஐம்பது வருடமாக என் மனைவி. அவள் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது சமைக்கிற அம்மாளே காயும் வாங்கி வந்துவிடுகிறார். தட்டில் விழுவதைச் சாப்பிடுகிறேன், பெயர் கேட்பதில்லை. ஜோயலின் கைபேசியில் விநாடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கத்தரிக்காய் என்று மறுபடி சொன்னேன்.

ஆறு. தாளில் அச்சடித்திருந்த எல்லைக்கு வெகு கீழே. ஜோயல் தலையைத் தூக்காமல், "மேற்கொண்டு பரிசோதனைக்கு அனுப்பணும்" என்றான்.

"இரு இரு" என்றாள் பவித்ரா. "அந்தத் தலைமொற ஆம்பள. சமையல்கட்டுப் பக்கமே போயிருக்க மாட்டார். அவருக்கு ஏன் காய்கறி கேக்கறே? கிரிக்கெட் கேளு. ரயில்வே ஸ்டேஷன் கேளு."

"தாளில காய்கறின்னுதான இருக்கு?"

"தாள எழுதினவன் சார் வீட்டுக்கு வந்து பாத்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜோயலும் சிரித்துவிட்டு, ரயில் நிலையங்கள் கேட்டான். கோவையிலிருந்து ஆரம்பித்து ஒரு நிமிடத்தில் இருபத்து மூன்று சொன்னேன். கைதட்டினார்கள். ஸ்வேதா என்னைப் பார்த்து, "சார், இதப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

மர்பி டவுன் குழந்தைக்காக அமுதா சொன்னதைத்தான் எனக்காக இந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். இவளுக்குக் கைதட்டல் கிடைத்தது. காற்று வேண்டும் என்று சொல்லி வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்துப் படித்தேன். அமுதாவின் மதிப்பீடு பற்றி ஒன்றரைப் பக்கம். குழந்தையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மூன்றாம் நாள் எல்லோரும் வண்டியில் போனார்கள். நான் மெட்ரோவில் வருவதாகச் சொன்னேன். அவளைப் பார்ப்பதற்கு முன் கொஞ்ச நேரம் தனியாக இருக்கவேண்டும்போல் இருந்தது. மெஜஸ்டிக்கில் இறங்கி மாறவேண்டும். படி ஏறி, படி இறங்கி, அம்புக்குறி காட்டிய பக்கமெல்லாம் நடந்து, வந்து நின்ற ரயிலில் ஏறிவிட்டேன். நாலைந்து நிலையம் போன பிறகு பக்கத்திலிருந்த அம்மாளிடம் அல்சூர் எப்போது வரும் என்று கேட்டேன். "அய்யோ, அது அந்தப் பக்கம் தாத்தா. விஜயநகரே வந்துடுச்சு" என்றார். கன்னடத்தில் தன் மகளிடம், "பாவம், யாரும் கூட வரவில்லை" என்றார். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார்.

அல்சூரில் இறங்கி மர்பி டவுன் வரை நடந்தேன். நான் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து இது நடக்கிற தூரம்தான். பதினோரு ஆண்டுகளில் ஒரு முறைகூட வந்ததில்லை. அங்கிருந்து வாரத்துக்கு மூன்று நான்கு குழந்தைகள் என் மேசைக்கு வந்தார்கள். அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

நெருக்கமான வீடுகள். ஒரு வீட்டு வாசலில் நீல நிறத்தில் ஜெய்பீம். ஒரு மாதா படம். கறிக்கடை, அதற்கடுத்து பூக்கடை. நிரலில் போட்டிருந்தபடி, படிப்பகம் இருக்கும் புத்த விகாரை எது என்று கேட்டேன். பூக்கடை அம்மாள், "அமுதா டீச்சர் கிளாஸா? அதோ, செருப்பு கெடக்குது பாருங்க" என்றார்.

படிப்பகத்துக்குள் மாணவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நரைத்த தலை, கண்ணாடி, பருத்திப் புடவை. என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தவில்லை. வாக்கியத்தை முடித்துவிட்டு, "வாங்க சார். ஒரு மணி நேரம் லேட்" என்றாள்.

"ரயில் மாறி ஏறிவிட்டேன் அம்மா."

"அப்பல்லாம் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா எங்களை வெளிய நிக்க வைப்பீங்க." மாணவர்களைப் பார்த்தாள். "இவர்தான் எனக்கு சூப்பர்வைசர். ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

வேறொன்றும் சொல்லவில்லை. இவர்களுக்கு எதுவும் தெரியாது என்பது அப்போது புரிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அண்டாவில் பிரியாணி வந்தது. அமுதா எனக்கென்று ஒரு டிபன் டப்பாவை நீட்டினாள்.

"தயிர் சாதம் சார். பக்கத்து வீட்டுல செஞ்சது. அவங்க சைவம். பயப்படாம சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். மற்றவர்கள் கை கழுவப் போனபோது கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தாள். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு அம்பத்தாறு வயசு சார். இத எடுத்துக்கினு எந்த ஆஸ்பத்திரியில போய் வேலை கேக்கறது?"

"எனக்கு வேறெப்படிச் செய்வதென்று தெரியவில்லை."

"நான் பிஎட் படிச்சேன், டீச்சர் ஆனேன், முப்பது வருஷம் ஓடிச்சு. என்னை விடுங்க. சும்னே, சும்மா ஒண்ணு கேக்கறேன். அந்தப் பாப்பாவுக்கு என்ன எழுதினீங்க?"

படிக்கட்டில் என் கடிதத்தில் நானே பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். மாணவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். நான் எழுந்து நின்றேன். பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பையைப் பற்றிய கேள்வி, குழந்தை சொன்ன விடை, நான் போட்ட பூஜ்யம், அமுதா சொன்னது, நான் எழுதிய ஆறு வரிகள் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று எனக்குக் காய்கறிக்குப் பதிலாக ரயில் நிலையம் கொடுத்தீர்கள், நான் அந்தக் குழந்தைக்கு எதையும் மாற்றிக் கொடுக்கவில்லை என்றேன். அறுபத்து நான்கு என்றேன்.

ஜோயல்தான் கேட்டான். "அந்தக் குட்டிக்கு என்ன பேர் சார்?"

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. மதிப்பெண் ஞாபகம் இருக்கிறது. அன்று பிடித்த பேனா ஞாபகம் இருக்கிறது. பெயர் எந்த மூலையிலும் இல்லை. அமுதாவைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும் என்று முகத்திலேயே தெரிந்தது.

"நான் சொல்ல மாட்டேன் சார்" என்றாள்.

கோவைக்குத் திரும்பியதும் அந்த மருத்துவமனைக்கு எழுதினேன். நான் தயாரித்த அறிக்கை ஒன்றைத் திரும்பப் பெற விரும்புகிறேன், பெயர் நினைவில்லை, எட்டு வயதுப் பெண், மர்பி டவுன், இன்ன ஆண்டு. பத்து நாளில் பணிவான பதில் வந்தது. அவ்வளவு பழைய கோப்புகள் எதுவும் இப்போது இல்லை, பெயரும் பதிவெண்ணும் இல்லாமல் எதையும் செய்ய இயலாது. இல்லாத கோப்பிலிருந்து எதை எடுப்பது? அந்தப் பதிலை அமுதாவுக்குப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதிலில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"சார், என் பேர் விஜயா. அமுதாக்கா சொல்லியிருக்க மாட்டாங்க. நானே சொல்லிக்கறேன்னு சொல்லியிருந்தேன்."

என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. மன்னித்துவிடு என்று சொல்லியிருப்பேன். மன்னித்துவிடுங்கள் என்று திருத்தியிருப்பேன். பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறாராம். கீழே நாற்பது மிஷின்.

"ஸ்பெஷல் ஸ்கூல்ல ரெண்டு வருஷம் மெழுகுவத்தி செஞ்சேன் சார். அப்புறம் அக்கா வந்து சண்ட போட்டு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல சேத்தாங்க. என் கூட இருந்ததுங்க ரெண்டு வருஷம் மேல கிளாஸ். அதான் எனக்குக் கஷ்டம். மத்தபடி ஒண்ணுமில்ல."

மத்தபடி ஒண்ணுமில்ல என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

"என்ன கேள்வி சார் கேட்டீங்க? அக்கா சொன்னாங்க. நீங்க கேளுங்க, எனக்கு மறந்துபோச்சு."

என் கை தானாக ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டது. பேனாவையும் எடுத்துவிட்டேன். பழக்கம். கேட்டேன். கடையில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பை ஒன்றைப் பார்க்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?

அந்தப் பக்கம் தெருவில் ஏதோ வண்டி போயிற்று.

"இப்பவும் தொட மாட்டேன் சார்" என்றார். "அப்பவாச்சும் ஆளுங்க பார்த்தாங்க. இப்ப கேமரா. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எடுத்துக் கடைக்காரரிடம் கொடுப்பேன்."

"கொடுங்க சார்" என்றார். "உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

சமையல் ஆச்சா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். தாளில் விஜயா என்று எழுதியிருந்தேன். பெயருக்குப் பக்கத்தில் மதிப்பெண் போடும் இடத்தில் பேனா ரொம்ப நேரம் நின்றது. ஒன்றும் எழுதவில்லை.